அஞ்சலை அக்கா மறைத்த ஓடை

செய்தி வந்தபோது நான் குருண் பட்டணத்தில், தொழிற்சாலை கேன்டீனில், சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தால் தேவியின் பெயர். அஞ்சலை அக்காவின் மகள். அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நானும் அழைத்ததில்லை. "சித்தி, அம்மா போய்ட்டாங்க சித்தி. கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதாதே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எழுதுகிறேன். முதலில் வந்தது ஆத்திரம். ஒரு பதிலும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டீர்களே அக்கா என்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் ஊர் புக்கிட் செலம்பாவுக்குத் திரும்பும் வழியில்தான் அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி மங்கிப்போகிறது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழ வேண்டியிருந்தது.

சாவு வீட்டில் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாறாம் நாள் கோயில் மண்டபத்துல வாசிக்கணும் சித்தி, அச்சடிச்சும் குடுக்கணும். அம்மாவப் பத்தி நல்ல மாதிரி நாலு வார்த்த நீங்கதான் எழுதணும்" என்றாள். நல்ல மாதிரி என்றால் எப்படி? இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் அக்காவோடு ஆற்றில் இறங்கியவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள். உங்களிடம் போய் அவர் தெய்வம் என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த அக்காவை எழுதுகிறேன். நல்லதும் வரும், மற்றதும் வரும். தேவி, நீ பொறுத்துக்கொள்.

என்னைப் படகில் ஏற்றியவர் அவர்தான். அக்கா பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்தவர். நம் ஆற்றோரத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ரப்பர் மரம் சீவி, தோட்டம் செம்பனைக்கு, எண்ணெய்ப் பனைக்கு, மாறி லயத்து வீடுகளை இடித்தபோது மற்றவர்களோடு புக்கிட் செலம்பாவுக்குக் குடிவந்தவர். வீடு மாறியது, ஆற்றை விடவில்லை. கணவர் இறந்த பிறகு நண்டுப் படகின் மறுமுனையில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. நானோ அப்போது ஒரு சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வேலையை விட்டிருந்த நேரம். "சண்ட போடத் தெரியும்ல? அப்ப வா. நண்டோட போடு" என்றார். முதல் நாளே நண்டு பிடிக்கும் வலைக்கூட்டுக்குள் கைவிட்டு விரலைக் கொடுத்தேன். ரத்தம் சொட்டுகிறது, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் முறைத்தேன். "கடிச்சது நண்டு. என்னைய ஏன்டி மொறைக்கிற?" என்றார். அன்றிலிருந்து பல வருடம், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததைவிட அந்த முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அக்கா படகுத்துறை ஜெட்டிக்கு வந்ததும் முதலில் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். யாரோடும் பேச மாட்டார், காப்பிப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். நேரே போய் ஓரத்துச் சதுப்பில் நிற்கும் பாக்காவ் மரங்களின் தண்டைப் பார்ப்பார். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மரநத்தைகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார். கடல் ஏறப் போகிறது என்றால் நத்தை முந்திக்கொண்டு மேலே ஏறிவிடும். பிறகு குனிந்து, சேற்றில் குட்டி நண்டுகள் வளை வாயை மண்ணால் மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காப்பி. ஆற்று முகத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அந்தக் காப்பியைக் குடித்தபடியே சொல்வார்.

முன்பெல்லாம் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை என்று அவரே சொல்வார். தைப்பூசம் என்றால் வெயில். ஆறு வற்றும், உப்பு மேலே ஏறும், அதோடு நண்டும் ஏறும். தீபாவளியை ஒட்டி மழை, ஆறு கலங்கும், படகைக் கட்டிவிட்டு வலையைப் பின்னலாம். மாதத்தைச் சொன்னால் போதும், ஆறு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இப்போது அந்தக் கணக்கு குழம்பிப்போய்விட்டது. வெயில் அடிக்க வேண்டிய மாதத்தில் வானம் பிளந்துகொண்டு கொட்டுகிறது. மழை மாதத்தில் ஆற்றில் பாசி நாறுகிறது. அப்போது நம்மோடு நண்டு பிடித்த சேகர் ஒருமுறை கைப்பேசியில் காலண்டரைக் காட்டி இன்றைக்குத் தாராளமாகப் போகலாம் என்றான். "காலண்டர் கோலாலம்பூர்ல அடிச்சது. அதுக்கு நம்ம ஆத்தத் தெரியுமாடா?" என்று அக்கா கேட்டதை நீங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

அதே வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. வானம் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. காற்று இல்லை. காற்றைப் பார்த்தே கடலைச் சொல்லிவிடும் மலாய்க்காரப் பெரியவர் பாக் மாட் கூட, ஜெட்டி ஓரத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு போகலாம் என்று தலையாட்டினார். அக்கா மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "வேணாம். நத்த எல்லாம் என் தலைக்கு மேல நிக்குது" என்றார். பாக் மாட் தன் அரைகுறைத் தமிழில், "நத்த பைத்தியம், அக்கா" என்றார். சேகரும் அவன் மச்சானும் போனார்கள். மத்தியானத்துக்குள் கடல் கிளம்பிவிட்டது. இருவரும் கூடுகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, இன்ஜினில் தண்ணீர் புகுந்து, சதுப்புக் காட்டு மரங்களைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். அன்று முதல் பாக் மாட் காலையில் அக்காவோடு சேர்ந்து நத்தை பார்க்கப் போனார். அக்கா அவரிடம் காற்றைக் கேட்டுக்கொண்டார். "மாசத்தப் பாத்துச் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு ஜெயா. உசுரப் பாத்துச் சொன்னது மட்டும் இன்னும் நிக்குது" என்று படகில் என்னிடம் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

சினை நண்டு விஷயத்திலும் அப்படித்தான். முட்டை சுமந்த தாய் நண்டு கடலுக்கு இறங்கும் மாதத்தில் கூடு போடக் கூடாது என்பது தோட்டத்துக் காலத்துக் கட்டுப்பாடு. சூடு கூடக் கூட, தாய் நண்டுகள் முந்தியே இறங்க ஆரம்பித்தன. மாதம் வரட்டும் என்று நாமெல்லாம் உட்கார்ந்திருக்க, அக்கா கட்டுப்பாட்டை முன்னுக்கு இழுத்தார். கூட்டில் முதல் சினை நண்டு விழும் நாளிலிருந்து எல்லாரும் நிறுத்த வேண்டும். எத்தனை பேர் முணுமுணுத்தீர்கள்! சேகர் ஒரு சினை நண்டைச் சாக்கில் ஒளித்துவைத்தான். அக்கா நண்டை மட்டும் அல்ல, சாக்கையும், சாக்குக்குள் கிடந்த அவன் சோற்றுப் பொட்டலத்தையும் சேர்த்து ஆற்றில் கவிழ்த்தார். பிறகு தன் சோற்றில் பாதியைப் பிரித்து அவனிடம் நீட்டினார். அதுதான் அக்கா. திட்டாமல் சோறு போட்டதே இல்லை.

இனி முனியாண்டி ஓடைக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மண்டபத்தில் இன்று வெளியாட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ரப்பர் காலத்தில் காலையில் மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அப்படிப்பட்ட நாளுக்கென்று தோட்டத்து மக்கள் ஓர் ஓடையைக் கைபடாமல் வைத்திருந்தார்கள். ஓடை முகத்தில் ஒரு முனியாண்டி கல். மற்ற நாளில் யாரும் உள்ளே போக மாட்டார்கள். மழை நாளில் கல்லுக்குப் பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் துணி ஏறும். துணி ஏறினால் எல்லா வீடும் போகலாம், எல்லாருக்கும் ஒரே அளவு கூடு. புருஷன் இல்லாத வீட்டுக்கு முதல் இடம். மழை வெள்ளம் வற்றியதும் துணியை இறக்கிவிடுவார்கள். தோட்டம் போய், ரப்பர் போய், மரம் சீவினவர்கள் நண்டு பிடிப்பவர்களாக ஆன பிறகும் அந்த வழக்கம் நின்றது. கடல் கெட்டுப்போகும் நாளில் வீட்டில் அடுப்பு எரிய அந்த ஓடைதான் இருந்தது. கடல் நாளுக்கொரு புத்தி காட்டுகிற இந்தக் காலத்தில் அது இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. துணியை ஏற்றுவதும் இறக்குவதும் அக்காவின் பொறுப்பு. ஒருநாள்கூட அவர் அதில் தன் வீட்டுக்கென்று ஒரு கூடு கூடுதலாகப் போட்டதில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஓடையைப் பற்றி வெளியாளிடம் மூச்சுவிடக் கூடாது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் துரை எடுத்துக்கொள்வான், கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரிந்தால் கிராணி ஆள் விட்டுப் பிடிக்கச் சொல்வான். அதனால் யார் கேட்டாலும் அங்கே ஒன்றும் இல்லை, சேறுதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே இதையும் சேர்த்துப் பழகின. நான் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. எனக்குப் படகில் வைத்து அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

இறால் பண்ணைப் பேச்சு வந்தது. ஆற்றோரக் காட்டில் ஒரு பகுதியை அரசாங்கத்தில் பண்ணைக்குக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன் கிராமத்துப் பொது மண்டபத்தில் கூட்டம் என்றார்கள். நான் முந்திய நாளே ஜெட்டியில் அக்காவிடம் போய், "அக்கா, இந்தத் தடவ முனியாண்டி ஓடையச் சொல்லிருவோம்லா. நாம புடிக்கிற எடத்தப் பண்ணைக்கு வெளிய விட்டுருவாங்களாம்" என்றேன். அவர் கூட்டின் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். "பாப்போம்" என்றார். அக்கா பாப்போம் என்றால் சரி என்று அர்த்தம். அத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தது.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நல்ல பொறுமைசாலி. வரைபடத்தை மேசையில் விரித்து, மக்கள் மீன், நண்டு பிடிக்கும் ஓடைகளைப் பண்ணைக்கு வெளியே விடச் சொல்லித்தான் எழுதப் போகிறேன், எதெது என்று நீங்களே காட்டுங்கள் என்றார். ஒவ்வொன்றாக விரல் வைத்தார். ஜெட்டி ஓடை, ஆமாம். கோயில் ஓடை, ஆமாம். விரல் முனியாண்டி ஓடைக்கு வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். என் பாசார் மலாயில், சந்தைப் பேச்சு மலாயில், புவான் என்று மரியாதையாக அழைத்து, அங்கேயும் நாங்கள்தான் பிடிக்கிறோம், கடல் கெட்ட நாளில் எல்லாக் குடும்பத்துக்கும் அதுதான் சோறு என்றேன். அந்தப் பெண்மணி பேனாவை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டார், நான் பார்த்தேன். அப்போது என் பின்னாலிருந்து, "தாக் அடா, புவான்" என்று குரல் வந்தது. இல்லை என்று. அக்காவின் குரல்.

திரும்பினேன். அக்கா எழுந்து நின்றிருந்தார். "அங்க ஒன்னும் இல்ல புவான், சேறுதான். யாரும் போறதில்ல. இந்தப் பொண்ணு எடம் மாத்திச் சொல்லுது. இது இங்கப் பொறந்ததில்ல, இதுக்கு ஆறு தெரியாது" என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். பல வருடம் ஒரே படகில் உட்கார்ந்தவளைப் பார்த்து, ஆறு தெரியாது என்றார். அதிகாரி திகைத்துப்போய் மற்றவர்களைக் கேட்டார். வேறு யாராவது அங்கே பிடிக்கிறீர்களா? நீங்கள் எல்லாரும் அக்காவின் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு தரையைப் பார்த்தீர்கள். சேகர், நீயும்தான். பாக் மாட்டுக்குத் தெரியும், ஆனால் அது தமிழர்கள் ஓடை, அவர்கள் விஷயம் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டார். உறுதி என்றேன். ஒருத்தி பேச்சு, ஊரே மறுக்கிற பேச்சு. அவர் என்ன செய்வார், பாவம்! பேனாவை மூடினார்.

மண் வெட்டும் இயந்திரம் வந்தபோது ஜெட்டியில் நின்று பார்த்தேன். முனியாண்டி ஓடையைச் சுற்றிக் கரை கட்டினார்கள், ஓடை முகத்தில் இரும்புக் கதவு போட்டார்கள். முனியாண்டி கல் எந்தக் கரைக்குள் போனதோ தெரியாது. அடுத்து வந்த மழையில் கடல் தொடர்ந்து கெட்டது. துணி ஏற்ற இடம் இல்லை. சேகர் லாரி ஓட்டப் போனான். நான் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு குருணுக்குப் போனேன். உங்களில் பாதிப் பேர் இப்போது எங்கெங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

குருணுக்குப் போவதற்கு முன் ஒரு நாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். "ஏன்க்கா?" என்று வாசலில் நின்றே கேட்டேன். உள்ளே வா என்றார். வரமாட்டேன் என்றேன். அவரே வாசலுக்கு வந்து, "தொரைக்கே சொன்னதில்ல. இவங்களுக்குச் சொல்லச் சொல்றியா?" என்றார். "சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கக்கா!" என்று கத்தினேன். "ஒன்னும் இல்லன்னு சொன்னா சும்மா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். இருக்குன்னு சொன்ன எத எவன் விட்டான்?" என்றார். "அது போகட்டும். எல்லாருக்கும் முன்னால என்னையப் பொய்க்காரி ஆக்குனீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றேன். அதற்குத்தான் பதில் வேண்டியிருந்தது எனக்கு. ஓடைக்குக்கூட இல்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி கலக்குறேன், குடிச்சிட்டுப் போ" என்றார்.

குடிக்கவில்லை. வந்துவிட்டேன். குடித்திருக்கலாமே என்று சாவு வீட்டில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார். ஏன் குடிக்க வேண்டும்? ஒரு வார்த்தை, நான் செஞ்சது தப்பு ஜெயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்டா அண்டாவாகக் குடித்திருப்பேன்.

பண்ணைக்காரனிடம் அக்கா கைநீட்டி வாங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு ஓடியது. அதைக் கிளப்பியவர்களும் இங்கேதான் இருப்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு காசு நுழையவில்லை. நுழைந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்! துரோகி என்று ஒரு முறை காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். அவர் எதற்கும் ஆசைப்படவில்லை. துரைக்குச் சொல்லும் பதிலை அந்தப் பெண்மணிக்குச் சொன்னார். துரை பறிக்கக் கேட்டான், இந்த அம்மாள் விட்டுவைக்கக் கேட்டார். நத்தை ஏறும் உயரத்தை மாற்றிப் படிக்கத் தெரிந்தவர், சினை நண்டின் மாதத்தை மாற்றிவைக்கத் தெரிந்தவர், கேட்கிற ஆள் மாறியிருக்கிறார் என்பதை மட்டும் ஏன் பார்க்கவில்லை? பார்த்தும் நம்பவில்லையா? எனக்குத் தெரியாது. ஓடையைக் காப்பாற்ற என்னைக் கொடுத்தார், ஓடையும் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எரித்த மறுநாள் தேவி என் வீட்டுக்கு வந்தாள். "சாம்பல உங்க படகுலதான் கரைக்கணும்னு அம்மா முன்னயே சொல்லியிருக்காங்க சித்தி" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஓராண்டுக்கு மேல் பேசாதவளிடம் செத்த பிறகு வேலை வாங்குகிறார் பாருங்கள். ஆம்பளைகள்தான் போக வேண்டும் என்று பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். சரி, இன்ஜின் ஓட்டத் தெரிந்த ஆம்பளை யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். பேச்சு அடங்கிவிட்டது. பாக் மாட் வந்து படகைத் திருப்பிப் போட உதவினார். அடியில் எறும்பு கூடு கட்டியிருந்தது.

கோயில் ஓடை முகத்தில் கரைத்தோம். தேவி பூவைத் தூவினாள். திரும்பலாம் என்று இன்ஜினைத் திருப்பினேன். "இல்ல சித்தி, மேல போங்க" என்றாள். மேலே என்றால் பண்ணைக் கதவையும் தாண்டி, ஆறு குறுகிப்போகும் இடம், பழைய தோட்டத்து வாய்க்கால் வந்து விழும் இடம். அங்கே என்ன இருக்கிறது? நல்ல தண்ணீர், நண்டு வராது. அப்படித்தான் எனக்குத் தெரியும்.

வாய்க்கால் வாயில் படகை நிறுத்தினேன். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. இருபுறமும் பாக்காவ் கன்றுகள், இடுப்புயரம், யாரும் நடாமல் தானாக மிதந்து வந்து வேர் பிடித்தவை. கன்றுகளின் தண்டில் நத்தை. சேற்றில் கை நுழையும் அளவுக்கு வளைகள். கடல் மேலே ஏறி வந்திருக்கிறது, அதன் பின்னாலேயே எல்லாமும் ஏறி வந்திருக்கின்றன. கரையில் ஒரு கம்பம். கம்பத்தில், இறக்கிச் சுருட்டிக் கட்டிய மஞ்சள் துணி.

"அம்மா தெனமும் இங்கதான் வருவாங்க" என்றாள் தேவி. "கூடு போட மாட்டாங்க. சும்மா பாத்துட்டு வருவாங்க. இன்னும் கொஞ்சம் பெருகட்டும்பாங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஜெயாகிட்ட மட்டும் காட்டு, வேற யாருக்கும் மூச்சுவிடக் கூடாதுன்னு ஜெயாகிட்ட சொல்லுன்னாங்க."

நான் படகில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு தெரியாது என்று யாரைச் சொன்னாரோ அவளிடம் ஆற்றைக் கொடுத்திருக்கிறார். எனக்கு வேண்டியிருந்த பதில் அதுதானா? இருக்கலாம். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் கூடவே அந்தப் பழைய ஆத்திரமும் வந்தது. மூச்சுவிடாதே! மறுபடியும் அதே பேச்சு! ஒரு ஓடையை அந்தப் பேச்சுக்குத் தின்னக் கொடுத்தது போதாது என்று, அடுத்த ஓடையையும் என் வாயைக் கட்டித்தானா தர வேண்டும்? யாரும் போவதில்லை என்று வரைபடத்தில் இதுவும் வெறும் இடமாகக் கிடந்தால், அடுத்த பண்ணைக்காரன் வர எவ்வளவு நேரம் ஆகும்?

திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். தேவிக்குக்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் அவளும் கேட்கிறாள்.

கூட்டத்துக்கு வந்த அந்த அதிகாரி அம்மாவைத் தேடிப் பிடித்து இன்றைக்கு இங்கே வரச் சொன்னேன். பின்வரிசையில் பாக் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் பாக் மாட் நான் எழுதியதை மலாயில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன ரகசியத்தை எல்லார் முன்னாலும் உடைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் எனக்குச் செய்ததைவிட இது பெரிய துரோகமா, சின்னத் துரோகமா என்று நீங்களே சொல்லுங்கள். கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் எடுத்துக்கொள்வது காலையில் காப்பிக்கு முன்னால் மரத்தைப் பார்க்கிற அந்தக் கண்ணையும், இந்த மஞ்சள் துணியையும். துணி என் மடியில் இருக்கிறது. ஒன்றும் இல்லை, சேறுதான் என்கிற அந்தப் பதிலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதை உங்கள் சாம்பலோடு ஆற்றில் விட்டுவிட்டேன்.

புவான், பேனாவை எடுங்கள். பழைய தோட்டத்து வாய்க்கால் ஆற்றில் விழும் இடம். அங்கே நண்டு இருக்கிறது. அது எங்கள் ஓடை. கண்டுபிடித்தவர் அஞ்சலை அக்கா. இங்கே உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள். சேகர், முதலில் நீ எழுந்திரு.